ஆறு நூற்ற நூல்

இந்தக் கதை ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்த கழிவுநீரில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் டெர்பிஷர் மலைப்பக்கம் குரோம்ஃபோர்டு என்று ஒரு சிற்றூர். சுற்றியிருந்த குன்றுகளைக் குடைந்து ஈயம் எடுத்தவர்கள், சுரங்கத்துக்குள் ஊறி நிறையும் தண்ணீரை வெளியேற்ற, மலைக்கு அடியில் நீளமாக ஒரு வடிகால் வெட்டி வைத்திருந்தார்கள். ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் அதில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு உண்டு. மற்ற ஓடைகள் உறைந்து கிடக்கும் குளிர்காலத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும். 1771இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் அந்த வடிகால் நீரையும் அருகில் ஓடிய போன்சால் ஓடையின் நீரையும் ஒரு சக்கரத்துக்குத் திருப்பினார். பக்கத்திலேயே ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். தண்ணீரின் விசையில் பஞ்சை நூலாக்கி, லாபமும் பார்த்த முதல் ஆலை அதுதான்.

கூப்பிடு தூரத்தில் டெர்வென்ட் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்க்ரைட் அதைத் தொடவில்லை. பெரிய ஆற்றைக் கட்டுவதற்கு அணை வேண்டும், வெள்ளத்தைத் தாங்கும் மதகு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் பணம் வேண்டும். கையில் காசு சேர்ந்த பிறகு, 1783இல்தான் டெர்வென்ட் கரைக்குப் போய் மேசன் ஆலையைக் கட்டினார். அதுவரை ஓடை நீரும் சுரங்கத்து வடிநீரும்தான்.

தொழிற்புரட்சி என்றதும் நமக்கு ஜேம்ஸ் வாட்டும் அவருடைய நீராவி இயந்திரமும் நினைவுக்கு வருகின்றன. நீராவி வந்தது, அதனால் ஆலை வந்தது என்று வரிசைப்படுத்திப் பழகிவிட்டோம். பருத்தி ஆலையைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழ். வாட்டின் இயந்திரம் ஒரு பருத்தி ஆலையை முதன்முதலாகச் சுழற்றியபோது குரோம்ஃபோர்டு ஆலைக்குப் பதினான்கு வயது ஆகியிருந்தது. ஆலைகள் பெருகி, பணம் கொழித்து, ஓடைகளில் இடம் தீர்ந்த பிறகுதான் நீராவி உள்ளே நுழைந்தது. ஆலையை உண்டாக்கியது வேறொன்று.

கையால் நூற்பவரைக் கவனித்தால் அது தெரியும். அவருடைய விரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கின்றன: பஞ்சிலிருந்து இழைகளைச் சீராக இழுத்துவிடுவது, இழுத்ததை முறுக்கேற்றுவது. முறுக்குவதில் பெரிய சூட்சுமம் இல்லை. கதிரைச் சுழற்றினால் போதும், ராட்டை அதைச் செய்துவிடும். இழுப்பதில்தான் எல்லாக் கைத்திறனும் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் இழை அறும், கொஞ்சம் குறைந்தால் நூல் தடித்துக் கட்டியாகும். எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பதையெல்லாம் விரல் நுனி தீர்மானிக்கிறது. விரல் நுனியில் இருக்கும் அந்த அறிவை இரும்பில் எப்படி வைப்பது? அதற்கு விடை தெரியாதவரை எவ்வளவு பெரிய ஆறும் எவ்வளவு பெரிய இயந்திரமும் பயன்படாது.

விடை உருளைகளில் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திய இரண்டு உருளைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியை நுழைக்க வேண்டும். சற்றுத் தள்ளி இன்னொரு ஜோடி உருளை. முதல் ஜோடி மெதுவாகச் சுழலும், இரண்டாவது வேகமாகச் சுழலும். பின்னால் இருப்பது ஒரு அங்குலம் விடும் நேரத்தில் முன்னால் இருப்பது ஆறு அங்குலம் இழுத்தால், திரி ஆறு மடங்கு நீளும், ஆறில் ஒரு பங்காக மெலியும். எவ்வளவு இழுப்பது என்ற கேள்விக்கு இனி விரல் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு ஜோடிகளின் வேக விகிதமே பதில் சொல்லிவிடும். அந்த விகிதம் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கையில் இருக்கிறது. எண்ணி வைத்துவிட்டால் இரவும் பகலும் மாறாது.

இந்த யோசனை ஆர்க்ரைட்டுடையது அல்ல. லூயிஸ் பால் என்பவர் ஜான் வயட்டுடன் சேர்ந்து உருவாக்கி, 1738லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1742இல் நார்த்தாம்ப்டனில் அவர்களுடைய உருளைகளை வைத்துத் தண்ணீரில் ஓடும் ஆலை ஒன்றும் தொடங்கப்பட்டது. அது தேறவில்லை. காரணத்தைப் பஞ்சு இழையின் நீளத்தில் தேட வேண்டும். பருத்தி இழை சுமாராக இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான். இரண்டு உருளை ஜோடிகளுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருந்தால், ஒரே இழையை முன்னும் பின்னும் பிடித்து இழுத்து அறுத்துவிடும். இடைவெளி அதிகமாக இருந்தால், எந்த ஜோடியின் பிடியிலும் இல்லாத இழைகள் நடுவில் மிதந்து, கொத்துக் கொத்தாகப் போய்ச் சேரும். நூலில் ஒரு இடம் கயிறாகவும் ஒரு இடம் சிலந்தி இழையாகவும் வரும். இழை நீளத்தைவிட ஒரு நூலளவு மட்டும் கூடுதலாக இடைவெளி வைக்க வேண்டும். மேல் உருளைக்குத் தோல் போர்த்தி, எடைக்கல் தொங்கவிட்டு, முறுக்கு பின்பக்கம் ஏறாதபடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆர்க்ரைட்டின் இயந்திரம் வென்றது இந்த இரண்டு நுணுக்கங்களால்.

அவரே கண்டுபிடித்தாரா என்பது வேறு விஷயம். முடிதிருத்தும் தொழிலும் பொய்முடி வியாபாரமும் செய்து வந்தவர் அவர். இயந்திரத்தைச் செய்து கொடுத்தது ஜான் கே என்ற கடிகாரத் தொழிலாளி. அந்தக் கேவோ தாமஸ் ஹைஸ் என்பவரிடம் அதற்கு முன்பே வேலை பார்த்தவர். தன்னுடைய யோசனைதான் திருடுபோனது என்று ஹைஸ் சாட்சி சொன்னார். ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைச் சுற்றி எழுந்த சண்டை 1785இல் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக முடிந்தது. மறு ஆண்டே அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. பணக்காரரின் தோல்வி எந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

உருளையிலிருந்து மெலிந்து வரும் திரியை முறுக்கிச் சுற்றுவதற்கு ஃப்ளையர் என்ற கவட்டை வடிவக் கை. அது பாபினைச் சுற்றிச் சுழன்று, வருகிற இழைக்கு முறுக்கேற்றும். பாபின் உராய்வால் சற்றுப் பின்தங்கிச் சுழலும். அந்தப் பின்தங்கல் அளவுக்கு நூல் பாபினில் சுற்றிக்கொள்ளும். இழுத்தல், முறுக்குதல், சுற்றுதல் மூன்றும் நிற்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நூலும் முறுக்கேறி உறுதியாக வந்தது. அதுவரை இங்கிலாந்தில் பருத்தித் துணி என்றால் ஊடை மட்டும்தான் பருத்தி. பாவுக்கு லினன் நூல்தான் தாங்கும். இப்போது பாவுக்கும் பருத்தி நூல் கிடைத்தது. இந்தியத் துணி மீதான மோகத்தைத் தடுக்க 1721இல் போட்டிருந்த சட்டம் முழுப் பருத்தித் துணிக்கு எதிராக நின்றது. ஆர்க்ரைட் தரப்பினர் பார்லிமென்ட்டுக்கு மனுப் போட்டு 1774இல் அதைத் தளர்த்த வைத்தார்கள்.

இதே காலத்தில் ஜேம்ஸ் ஹார்க்ரீவ்ஸின் ஜென்னி வந்திருந்தது. அதிலும் பல கதிர்கள் உண்டு. ஆனால் ஒரு ஆளின் கை அதைச் சுழற்றிவிட முடியும். ஒரு வீட்டின் மூலையில் அடங்கிவிடும். ஆர்க்ரைட்டின் இயந்திரம் அப்படியல்ல. கனத்த உருளைகள், அவற்றை அழுத்தும் எடைகள், ஓயாமல் சுழலும் ஃப்ளையர்கள் என்று அது விசையை விழுங்கியது. நாட்டிங்ஹாமில் குதிரைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். குதிரைக்குத் தீனி போட வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டும். தண்ணீருக்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் குரோம்ஃபோர்டு. அதனால்தான் இந்த இயந்திரத்துக்கே வாட்டர் ஃப்ரேம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தண்ணீரைச் சக்கரத்தில் எப்படி விழவைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சக்கரத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர் பலகைகளில் மோதித் தள்ளினால் அது ஒரு வகை. தண்ணீரைச் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய், விளிம்பில் உள்ள தொட்டிகளில் நிரப்பி, அதன் எடையால் இறங்கவிட்டால் அது இன்னொரு வகை. எது நல்லது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, தண்ணீரை அளந்து விட்டு, தூக்கிய எடையை அளந்து பார்த்தார். 1759இல் ராயல் சொசைட்டியில் முடிவைச் சொன்னார். மோதித் தள்ளும் சக்கரம் தண்ணீரின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடப் பிடிப்பதில்லை. எடையால் இறங்கும் சக்கரம் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துவிடுகிறது. மோதும்போது தண்ணீர் சிதறிச் சுழித்து ஆற்றலைத் தன்னுள்ளேயே தின்றுவிடுகிறது, எடையாக இறங்கும்போது அந்த விரயம் இல்லை. ஒரே ஓடையில் இரண்டு மடங்கு விசை! ஆலைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்? வாட்டின் இயந்திரத்தைக் கொண்டாடுபவர்கள் ஸ்மீட்டனை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படுகிறது.

நீர்ச் சக்கரத்துக்கு இன்னொரு நற்குணம் இருந்தது. அது சீராகச் சுழலும். நூற்பில் இது அழகுக்காகச் சொல்வதல்ல. சுழற்சி சட்டென்று துள்ளினால் இழை அறும், ஆயிரம் கதிரில் ஆயிரம் இழையும் அறும். பழைய நியூகோமன் வகை நீராவி இயந்திரம் ஒரு இழுப்பில் விசை கொடுத்து மறு இழுப்பில் சும்மா இருக்கும். சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்க அது போதும், நூற்க உதவாது. ஆலைக்காரர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நீராவி இயந்திரத்தை வைத்து, சக்கரத்தைத் தாண்டிப் போன தண்ணீரை மறுபடி மேலே இறைத்தார்கள். அந்தத் தண்ணீர் மறுபடி சக்கரத்தில் விழுந்தது. 1780களில் சில ஆலைகள் இப்படித்தான் ஓடின. நிலக்கரி எரித்துத் தண்ணீரை ஏற்றி, அது இறங்கும்போது நூல் நூற்பது கேட்கக் கோமாளித்தனமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோமாளித்தனத்தால் மட்டுமே கிடைத்தது சீரான சுழற்சி.

வாட் பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் பல்சக்கர அமைப்புக்கு 1781இல் காப்புரிமை, இரண்டு பக்கமும் நீராவி தள்ளும் ஏற்பாட்டுக்கு 1782இல். வேகம் கூடினால் தானே நீராவியைக் குறைக்கும் கவர்னரை 1788இல் சேர்த்தார். சுழலும் தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடும்போது அவை விலகி உயரும், உயரும்போது நீராவி வரும் வாயை மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வாய் திறக்கும். ஆள் யாரும் நின்று பார்க்க வேண்டாம். சொல்லப்போனால், நீராவி நூற்பாலைக்கு ஏற்றதாக மாறியது தண்ணீரைப் போலச் சீராகச் சுழலக் கற்றுக்கொண்ட பிறகுதான்.

அந்த இயந்திரத்தை முதலில் வாங்கிய பருத்தி ஆலை நாட்டிங்ஹாம்ஷரில் பேப்பிள்விக் என்ற இடத்தில் இருந்தது. வாங்கிய காரணம் புதுமை மோகம் அல்ல, தண்ணீர்ச் சண்டை. ராபின்சன் குடும்பத்தார் லீன் என்ற சிற்றாற்றில் ஆலைகள் நடத்தினார்கள். ஆற்றின் மேற்பகுதி ஐந்தாம் பைரன் பிரபுவின் நிலத்தில் இருந்தது. கவிஞர் பைரனின் தாத்தாவுக்கு அண்ணன் இவர். தன் எஸ்டேட்டில் ஏரிகள் வெட்டி, ஆற்று நீரைத் தேக்கி வைத்து விளையாடியவர். மேலே அவர் மதகை மூடினால் கீழே ஆலை நிற்கும். வழக்கு நடந்தது. வழக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று ராபின்சன்கள் 1785இல் போல்டன் அண்டு வாட் கம்பெனியில் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் உள்ள தகராறு நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் அது பருத்தி ஆலைக்குள் நீராவியைக் கொண்டுவந்துவிட்டது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்திரியாஸ் மால்ம் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு வாதம் வைக்கிறார். நீராவி வென்றது அது மலிவு என்பதால் அல்ல, தண்ணீர்தான் நெடுங்காலம் மலிவாக இருந்தது, ஆனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஆலை போக வேண்டும், அங்கே ஆள் கிடைப்பதில்லை என்கிறார். பள்ளத்தாக்கில் ஆலை கட்டினால் வீடு கட்ட வேண்டும், பள்ளிக்கூடமும் கோயிலும் கட்ட வேண்டும். குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் செய்ததும் அதுதான். நிலக்கரியை எங்கும் கொண்டு போகலாம். மான்செஸ்டரில் வேலை தேடி நிற்கும் கூட்டத்தின் நடுவிலேயே ஆலையைக் கட்டலாம். இந்த வாதத்தில் பெரும்பகுதி எனக்கு ஏற்புடையதே. ஆனால் மேல்மடைக்காரர் தயவையும் கோடைக்காலத்து வறட்சியையும் சேர்த்துக் கொள்ளாவிட்டால் படம் முழுமையாகாது. ஆர்க்ரைட்டின் சொந்த ஆலைக்கே கடைசியில் அதுதான் நடந்தது. ஈயச் சுரங்கக்காரர்கள் இன்னும் தாழ்வான மட்டத்தில் வெட்டிக்கொண்டு போன மீர்புரூக் என்ற வடிகால், 1840களில் குரோம்ஃபோர்டுக்கு வந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொடுத்த அதே தொழில் அதைப் பறித்தும் கொண்டது.

தண்ணீரோ நீராவியோ, விசை பிறப்பது ஒரே இடத்தில். கதிர்கள் இருப்பதோ ஐந்து மாடிகளில். நடுவில் உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதில்தான் ஆலைப் பொறியியலின் பாதி அடங்கியிருக்கிறது. எத்தனையோ புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன.

சக்கரத்திலிருந்து பல்சக்கரங்கள் வழியாக ஒரு செங்குத்துத் தண்டு கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிவரை போகும். ஒவ்வொரு மாடியிலும் சாய்வுப் பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் கிடைமட்டமாகத் திருப்பும். கூரையை ஒட்டி நீளவாக்கில் ஓடும் ஷாஃப்ட், அதில் வரிசையாகக் கப்பிகள், ஒவ்வொரு கப்பியிலிருந்தும் கீழே உள்ள இயந்திரத்துக்கு ஒரு பெல்ட். பழைய ரைஸ் மில்லுக்குள் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே மோட்டார், தலைக்கு மேல் ஒரே ஷாஃப்ட், சப்பை பெல்ட்டுகள் படபடக்க, உமி நீக்குவதும் தீட்டுவதும் சலிப்பதும் அதிலேயே ஓடும். அதை நூறு மடங்காக்கி ஐந்து மாடிகளில் அடுக்கினால் அந்தக் காலத்துப் பஞ்சாலை.

ஆலைகள் ஏன் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தன என்பதற்கு விடையும் இங்கே இருக்கிறது. ஷாஃப்ட் நீள நீள உராய்வு கூடும், முனையில் திருகலும் கூடும். ஆயிரம் கதிர்களை ஒரே தரையில் பரப்பினால் கடைசிக் கதிருக்கு விசை போய்ச் சேர்வதற்குள் பாதி தேய்ந்துவிடும். மாடி மேல் மாடியாக அடுக்கினால் தூரம் குறையும். அகலத்தைச் சன்னல் வெளிச்சம் கட்டுப்படுத்தியது. மின்விளக்கு இல்லாத காலத்தில் நடுவில் நிற்பவருக்கும் அறுந்த இழை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. கட்டடக் கலைஞர் யாரும் உட்கார்ந்து அந்த வடிவத்தை யோசிக்கவில்லை. ஷாஃப்ட்டும் சூரியனும் சேர்ந்து வரைந்த வரைபடம் அது.

தொடக்ககால ஷாஃப்ட்டுகள் பார்க்கவே பயமாக இருந்திருக்கும். சதுரமாக வார்த்த கனத்த இரும்பு, நிமிடத்துக்கு நாற்பது சுற்று என்ற யானை நடை. வேகம் குறைவு என்பதால் கதிரின் வேகத்தை எட்ட மிகப் பெரிய மர உருளைகளை அதில் மாட்ட வேண்டியிருந்தது. 1817இல் மான்செஸ்டரில் சொந்தமாகத் தொழில் தொடங்கிய வில்லியம் ஃபேர்பேர்ன், முர்ரே ஆலையில் இதைப் பார்த்தார். அவர் செய்ததைப் பள்ளிக்கூட இயற்பியலாலேயே விளங்கிக்கொள்ளலாம். ஒரு தண்டு கடத்தும் திறன் என்பது முறுக்குவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகத்தை மூன்று மடங்காக்கினால் அதே திறனுக்கு மூன்றில் ஒரு பங்கு முறுக்குவிசை போதும். தண்டின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், விட்டத்தை முன்பிருந்ததில் 70 சதவீதமாகக் குறைக்கலாம். எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். எடை குறைந்தால் தாங்கிகளில் உராய்வு குறையும், எண்ணெய் குறையும், கட்டடத்தின் சுமையும் குறையும். ஃபேர்பேர்ன் மெலிந்த இரும்புத் தண்டுகளை வேகமாக ஓட்டினார். புதிய விசை எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. வழியில் சிந்திக்கொண்டிருந்ததைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் மான்செஸ்டரின் பெரிய ஆலைகளெல்லாம் அவர் வாசலில் நின்றன.

சுழலும் தண்டு ஆளைப் பார்க்காது. உடையின் ஒரு முனையோ கூந்தலின் ஒரு இழையோ சிக்கினால் ஆளையே சுருட்டிக்கொள்ளும். ஆரம்பகால ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும் பங்கு குழந்தைகள். ஓடும் இயந்திரத்துக்கு அடியில் ஊர்ந்து பஞ்சு பொறுக்குவதும், அறுந்த இழையை ஒட்டுவதும் அவர்கள் வேலை. பிரிட்டனில் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பருத்தி ஆலையில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1819இல். ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் வேலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது 1844இல். கதிருக்கு வேகம் கூட்டியவர்கள் கம்பித் தடுப்பு ஒன்றைப் பொருத்த எழுபத்து மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் நிலக்கரி அவசரம் அத்தனை இல்லை. ஆறுகள் ஏராளம். டெர்பிஷரில் ஸ்ட்ரட் குடும்பத்து ஆலையில் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789இல் கப்பலேறி, மறு ஆண்டே ரோட் ஐலண்டின் பாவ்டக்கெட்டில் வாட்டர் ஃப்ரேமை ஓடவைத்தார். இயந்திர வரைபடங்களை வெளியே கொண்டுபோவதற்குப் பிரிட்டனில் தடை இருந்ததால், எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனார். பிறகு பிரான்சிஸ் கேபட் லோவல் பிரிட்டிஷ் விசைத்தறிகளைப் பார்த்துவிட்டு வந்து, பால் மூடி என்ற மெக்கானிக்கின் உதவியோடு வால்தமில் நூற்பையும் நெசவையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார். அவர் 1817இல் இறந்தார். அவருடைய கூட்டாளிகள் மெரிமாக் ஆற்றங்கரையில் எழுப்பிய ஆலை நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

லோவல் நகரத்தில் தண்ணீர் ஒரு சரக்கு. ஆறு அங்கே சுமார் 32 அடி இறங்குகிறது. ஒரு கம்பெனி கால்வாய்களை வெட்டி, ஆலைகளுக்குத் தண்ணீரை அளந்து விற்றது. விற்பனைக்கு ஒரு அலகு வேண்டுமே! வால்தமின் இரண்டாவது ஆலையை ஓட்டத் தேவைப்பட்ட நீரையே அலகாக வைத்துக்கொண்டார்கள்: 30 அடி உயரத்திலிருந்து நொடிக்கு 25 கன அடி. 3,584 கதிர்களும் அவற்றுக்கு வேண்டிய துணை இயந்திரங்களும் தறிகளும் அதில் ஓடும். கணக்குப் போட்டால், நொடிக்கு 700 லிட்டருக்குச் சற்று மேல், ஒன்பது மீட்டர் இறக்கம், ஏறக்குறைய 85 குதிரைத்திறன். சக்கரம் தின்றது போக ஆலைக்குள் வருவது அறுபது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முழுப் பஞ்சாலைக்கு அவ்வளவு போதும் என்பதுதான் ஆச்சரியம்.

இங்கேதான் 1828இல் ஆப்பிள்டன் ஆலையில் பால் மூடி ஒரு காரியம் செய்தார். சக்கரத்திலிருந்து மாடிகளுக்கு விசை கடத்தும் கனத்த பல்சக்கரங்களைத் தூக்கிவிட்டு அகலமான தோல் பெல்ட்டுகளை மாட்டினார். பல்சக்கரம் துல்லியமாகக் கடைந்தெடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் கடகடவென்று கட்டடத்தையே உலுக்கும். பெல்ட் சற்றுக் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். எங்காவது இயந்திரம் இறுகிக்கொண்டால் வழுக்கிவிடும், எதையும் உடைக்காது. துல்லியமாகக் கடையும் பட்டறைகள் குறைவாக இருந்த நாட்டுக்கு ஏற்ற யோசனை. அமெரிக்க ஆலைகள் அந்த வழியில் போயின, பிரிட்டன் நெடுங்காலம் பல்சக்கரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

லோவலின் தலைவலி வெள்ளம். ஆறு பெருகினால் விசை கூடும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. சக்கரத்துக்குக் கீழே வெளியேறும் நீரின் மட்டமும் உயர்ந்து, சக்கரத்தின் அடிப்பகுதி தண்ணீரில் மூழ்கி, அதை எதிர்த்துத் துழாவிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் தண்ணீர், ஆலை மட்டும் நிற்கிறது! தீர்வு டர்பைன். அது தண்ணீருக்குள் மூழ்கியபடியே சுழலக்கூடியது. பிரான்சில் ஃபூர்னெரோன் 1827இல் செய்து காட்டியதை யூரையா பாய்டன் 1844இல் லோவலில் திருத்தி அமைத்தார். கால்வாய்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பிரான்சிஸ் அதை அளந்து, சோதித்து, தண்ணீர் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாயும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சோதனை முடிவுகளை 1855இல் புத்தகமாகவே போட்டார். துணி நெய்யத் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பிறந்த அந்தப் பிரான்சிஸ் டர்பைன்தான் இன்று உலகின் பெரிய நீர்மின் நிலையங்களில் சுழல்கிறது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 700 மெகாவாட் தரும் ஒவ்வொன்றும் அந்த வகைதான்.

அதே பிரான்சிஸ் 1850இல் கால்வாயின் குறுக்கே ராட்சத மரக் கதவு ஒன்றைத் தொங்கவிட்டார். வீண் செலவு என்று ஊர் கேலி செய்தது. இரண்டே ஆண்டில், 1852இல் பெருவெள்ளம் வந்தபோது கதவு இறக்கப்பட்டு நகரம் தப்பியது. 1936இல் மறுபடியும் தப்பியது.

நம் பக்கம் இந்தக் கதை வந்து சேர்ந்தது 1880களில். ஹார்வி சகோதரர்கள் திருநெல்வேலிச் சீமையில் பஞ்சாலை கட்ட இடம் தேடியபோது, உலகம் நீராவியில் ஊறிப்போயிருந்தது. இருந்தும் அவர்கள் போன இடம் பொதிகை மலையடிவாரத்தில் பாபநாசம் அருவிக்குக் கீழே உள்ள விக்கிரமசிங்கபுரம். கரிசல் காட்டில் பருத்தி உண்டு, நிலக்கரி கிடையாது. தாமிரபரணியோ இரண்டு பருவமழையிலும் நீர் பெறும் ஆறு. நூறாண்டுக்கு முன் ஆர்க்ரைட் போட்ட அதே கணக்கு. தாமிரபரணி பல்லாயிரம் கதிர்களைச் சுழற்றியது.

கோவைக்கு அப்படி ஒரு அருவி ஊருக்குள் இல்லை. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கம்பி வழியாக மின்சாரம் இறங்கிய பிறகுதான் அங்கே ஆலைகள் மளமளவென்று முளைத்தன. கோவையின் கதிர்களைச் சுழற்றியதும் ஆறுதான். வித்தியாசம் ஒன்றே: ஆறு இருக்கும் இடத்துக்கு ஆலை போகவில்லை, ஆறு ஆலைக்கு வந்தது. மின்சார மோட்டாரும் முதலில் பழைய ஷாஃப்ட்டையே சுழற்றியது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்த பிறகு ஷாஃப்ட்டுக்கு வேலை போயிற்று. பஞ்சாலை உயரமாக இருக்க வேண்டிய அவசியமும் அதோடு போயிற்று. இன்று புதிதாகக் கட்டுவதெல்லாம் தாழ்வான, பரந்த கொட்டகைகள். மாறாமல் நிற்பது ஆர்க்ரைட்டின் உருளைதான். ராஜபாளையத்திலோ பல்லடத்திலோ ஓடும் ரிங் ஃப்ரேம் நூற்பு இயந்திரம் எதையும் நெருங்கிப் பாருங்கள்: பின் உருளை மெதுவாக, முன் உருளை வேகமாக, நடுவே இழையின் நீளத்துக்கு ஏற்ற இடைவெளி.

நம் ஊர் மூடிய ஆலைகளில் அந்தக் காலத்து ஷாஃப்ட்டும் கப்பியும் தோல் பெல்ட்டும் எங்காவது மிச்சமிருந்தால், அவை காயலான் கடைக்குப் போய் எடைக்கு விழுவதற்கு முன் ஒரு மாடியையாவது அப்படியே நிறுத்தி, பிள்ளைகள் பார்க்கும்படி ஓடவிட வேண்டும். ஆலை முதலாளிகளும் அரசும் மனம் வைத்தால் முடியாத காரியம் அல்ல.